குருசுக்கோயில் சுவருக்குச் சுண்ணாம்பா, பெயிண்டா?

எல்லோருக்கும் தோத்திரம்.

திருவிழாவுக்கு முன்னால் நம் மணப்பாட்டுக் குருசுக்கோயில் சுவருக்கு நல்ல பெயிண்டாக அடித்துவிடலாம் என்று துபாய் அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். பணம் தர நானும் தயார்தான். ஆனால் டப்பாவில் வரும் பிளாஸ்டிக் பெயிண்டு என்றால் என் பங்கை எதிர்பார்க்க வேண்டாம். கோபப்படாமல் வாசியுங்கள்.

மணப்பாட்டுக் குன்று கடலுக்குள் நீண்ட முனை. அதன் உச்சியில் கோயில் நிற்பதால் உப்புக்காற்று ஒருநாளும் விடாது. 1540-இல் புயலில் மாட்டிய போர்த்துக்கீசியக் கப்பல்காரன், கரை சேர்ந்தால் பாய்மரத்தில் குருசு செய்து நடுவதாக நேர்ந்துகொண்டு அங்கே நட்டான் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சவேரியார் 1542-இல் வந்து, கீழே இருக்கும் குகையில் தங்கினார். அவருக்கு முன் அது ஒரு சைவச் சந்நியாசி இருந்த இடம் என்று அங்கேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். (சின்ன வயதில் அதை வாசித்துவிட்டு, "அப்போ அந்தச் சாமியார் எங்க போனாரு?" என்று ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் கேட்டேன். காதைத் திருகினார். பதில் இன்னும் வரவில்லை.) கோயில் எழுந்தது 1581-இல்.

அந்த வருஷத்தைத்தான் கவனிக்க வேண்டும். போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல். ஆக, அந்தக் கோயிலின் பழைய சுவர் எதுவானாலும் சுண்ணாம்புக் கட்டுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். உப்பும் அதோடு வெளியே வந்து மேலே பூத்து உதிரும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ ஏற்றினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, உப்பி, பூச்சைத் தள்ளிவிடும். போகும்போது பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். எங்கள் தாத்தா வீட்டில் இதைக் காசு கொடுத்துக் கற்றோம். ஒரு கொத்தனார் "காலத்துக்கும் நிக்கும்" என்று சிமெண்டு பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

எனவே முதல் வேலை, இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்து உள்ளே இப்போது என்ன பூச்சு இருக்கிறதென்று தெரிந்துகொள்வது. சுண்ணாம்பாக இருந்தால் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க வேண்டும். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பது. கருப்பட்டிக்கு நாம் எங்கே அலைய வேண்டும், உடன்குடி பக்கத்தில் இருக்கும்போது? ஆள்தான் கஷ்டம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் வயசாளிகளாகிவிட்டார்கள். கூலி கூடத்தான் ஆகும்.

வெள்ளையடித்தால் அடிக்கடி அடிக்க வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. ஆமாம், அடிக்க வேண்டும். நம் சிறுவயதில் கொடியேற்றத்துக்கு முன்னால் இளவட்டங்கள் மட்டையும் வாளியுமாகக் குன்றேறியது நினைவிருக்கிறதா? கீழே பரிசுத்த ஆவி கோயிலுக்குப் போகிறவர்கள் முழுக்க, தலையெல்லாம் சுண்ணாம்போடு இறங்கிவந்த எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வேலைக்கு யாரும் சம்பளம் கேட்டதில்லை. டீயும் வடையும் போதும். பிடித்த மீனில் கோயிலுக்குப் பங்கு ஒதுக்கி வளர்த்த கோயில்கள் இந்தக் கரையில் இருப்பவை. இப்போது நாம் அனுப்புவது திர்ஹாமும் டாலரும். அனுப்புகிற தூரத்திலிருந்து பெயிண்டு டப்பாதான் சுலபமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 1 திருவிழா தொடக்கம், 14 திருச்சிலுவை மகிமைத் திருநாள். சுண்ணாம்பு ஊற ஒரு மாதமாவது விட வேண்டும். அதனால் ஜூலை முதல் வாரத்துக்குள் பங்குச்சாமியிடம் பேசி, சுவரைப் பார்க்க விவரமான ஒரு ஆளைக் கூட்டிப்போக வேண்டும். ஊரில் இருக்கிறவர்களில் யார் போகிறீர்கள்? அந்த ஆளின் கூலியும் வண்டிச் செலவும் என் கணக்கு.