மெடிக்கல் கோடிங் கற்க: முதலில் புத்தகமா, என்கோடரா?

புதுவரவு:
அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளைம்களுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு எழுதும் பயிற்சியில் முதல் வாரமே என்கோடர் என்ற கோடு தேடும் மென்பொருளைத் திறந்து நோயின் பெயரைத் தட்டித் தேடச் சொல்கிறார்கள். நோய்க் கோடுகள் உள்ள ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் இன்டெக்ஸ் (அகரவரிசைப் பட்டியல்) பார்த்து, டேபுலரில் (கோடு வரிசைப் பட்டியலில்) சரிபார்க்கும் முறைக்கு மூன்று மாதப் பயிற்சியில் நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா? வேலைக்குப் போனால் யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை என்கிறார்களே.

இன்டெக்ஸ்மணி:
கண்டிப்பாக ஒதுக்குங்கள். ஒரு சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவை, எடுத்துக்கொள்வோம். டைப் 2 சர்க்கரை, நாள்பட்ட சிறுநீரக நோய் நிலை 3பி, தினமும் இன்சுலின். என்கோடரில் "டைப் 2 டயாபெடிஸ்" என்று தட்டினால் இ11.9 கண்ணில் படும். சிறுநீரக நோய்க்கு என்18.32. இரண்டும் செல்லுபடியாகும் கோடுகள், கிளைமும் தடையின்றிப் போய்விடும். ஆனால் தப்பு. புத்தகத்தில் டயாபெடிஸ், டைப் 2 என்று இறங்கினால் அதன் கீழே "வித்" என்ற சொல் நிற்கும். அந்தச் சொல்லுக்குக் கீழே சிறுநீரக நோய் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே கொள்ள வேண்டும். டாக்டர் "சர்க்கரையால் வந்தது" என்று எழுதத் தேவையில்லை. "தொடர்பில்லை" என்று எழுதினால் மட்டும் பிரிக்கலாம். ஆக இ11.22. டேபுலரில் அதன் அடியிலேயே, நிலையைக் காட்ட கூடுதல் கோடு சேர் என்ற குறிப்பு இருக்கும், அதனால் என்18.32. இன்சுலினுக்கு இசட்79.4. அவருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் ஐ10 போடக் கூடாது, ஐ12.9 வரும், அதே "வித்" விதிதான். இந்த அடுக்கு புத்தகப் பக்கத்தில் ஒரே பார்வையில் தெரியும். தேடல் பெட்டி காட்டுவது தனித்தனி வரிகளை.

சார்ட்வாசகி:
மணி சார், இந்த எடுத்துக்காட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்டெக்ஸைக் கரைத்துக் குடித்தவர்களும் சறுக்கும் இடம் வேறு. ஓபி (வெளிநோயாளி) நோட்டில் "நிமோனியா இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கவும்" என்றிருக்கும். இன்டெக்ஸும் ஜே18.9 தரும், என்கோடரும் ஜே18.9 தரும். இரண்டுமே தப்பு. ஓபியில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்பதை நோயாக எடுக்கக் கூடாது, இருமல் ஆர்05.9, காய்ச்சல் ஆர்50.9 என்று அறிகுறியோடு நிற்க வேண்டும். அதே வாசகம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், நோய் உறுதியானதைப் போலவே கோடு செய்யலாம். "பக்கவாதம் வந்த வரலாறு" என்று படித்துவிட்டு ஐ63.9 போடுவதும் அன்றாடத் தப்பு. குறைபாடு எதுவும் மிஞ்சவில்லையென்றால் இசட்86.73. பக்கம் புரட்டும் நேரத்தில் பத்து சார்ட் படித்தால் இந்தக் கண் வரும்.

இன்டெக்ஸ்மணி:
ஓபி, ஐபி வேறுபாடு எங்கே எழுதியிருக்கிறது? அதே புத்தகத்தின் முன்பக்கங்களில் உள்ள கைட்லைனில்தான். அதைப் படிக்காதவர் எத்தனை சார்ட் பார்த்தாலும் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார்.

கோடின் ஏழாவது எழுத்தைப் பாருங்கள். வலது கை காலிஸ் எலும்பு முறிவு, எஸ்52.531ஏ. இந்த "ஏ"வை முதல் வருகை என்று மனப்பாடம் செய்கிறார்கள். அது முறிவைச் சரிசெய்யும் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும் கட்டத்தைக் குறிப்பது. எமர்ஜென்சியில் ஸ்ப்ளின்ட் போட்டு அனுப்பி, நான்கு நாள் கழித்து எலும்பு மருத்துவர் அறுவை செய்தாலும் "ஏ"தான். எலும்பு நன்றாகக் கூடி வரும்போது செக்கப்புக்கு வந்தால் "டி". என்கோடரின் பட்டியலில் பதினாறு எழுத்துகள் வரிசையாக நிற்கும். எது எப்போது என்று அது சொல்லாது. மூடிய முறிவா திறந்த முறிவா என்று நோட்டில் இல்லையென்றால் மூடியது, விலகியதா இல்லையா என்று இல்லையென்றால் விலகியது என்பதும் கைட்லைனில் உள்ளதே. கீழே விழுந்ததற்கான டபிள்யூ19.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ-வில் அந்த மூன்று எக்ஸ், "ஏ"வை ஏழாம் இடத்தில் நிறுத்தக் காலி இடங்களை நிரப்புபவை என்று புரியாதவர் "ஏ"வை நான்காம் இடத்தில் வைப்பார். கிளைம் திரும்பி வரும்.

தணிக்கையாளன்:
இருவரும் டயக்னோசிஸ் பக்கமே நிற்கிறீர்கள். ஆடிட்டில் பணம் அதிகம் கசிவது சிகிச்சைகளுக்கான சிபிடி கோடுகளில்.

முன்கையில் 3 செ.மீ., காலில் 2 செ.மீ., முகத்தில் 2 செ.மீ. வெட்டுக்காயம், மூன்றுக்கும் எளிய தையல். தேடிப் போடுபவர் காயத்துக்கு ஒரு கோடு போடுவார். கையும் காலும் ஒரே உடற்குழு, ஒரே வகைத் தையல். நீளத்தைக் கூட்டி 5 செ.மீ., ஒரே 12002. முகம் வேறு குழு, அது 12011. கூட்டும் விதி சிபிடி புத்தகத்தில் அந்தக் கோடுகளுக்கு முன்னால் உள்ள பத்தியில் இருக்கிறது. இதில் மணி சொல்வது சரி.

கொலோனோஸ்கோபியில் வாசகி சொல்வது சரி. பாலிப்பை (குடலில் வளரும் சிறு கட்டியை) ஸ்நேர் எனும் கம்பி வளையம் கொண்டு நீக்கினால் 45385, பயாப்ஸி 45380. ஏறுகுடலில் ஒரு பாலிப்பை ஸ்நேரால் எடுத்து, சிக்மாய்டில் வேறொன்றில் பயாப்ஸி செய்திருந்தால் இரண்டையும் போடலாம், 45380-க்கு மாடிஃபையர் 59 (இது தனிச் செயல்முறை என்று காட்டும் குறி). ஒரே பாலிப்பில் பயாப்ஸி செய்து, அதையே ஸ்நேரால் நீக்கியிருந்தால் 45385 மட்டும். இதை ஆபரேஷன் நோட்டை வரிவரியாகப் படித்தால்தான் பிரிக்க முடியும். என்கோடரோ என்சிசிஐ (எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்ற விதிகள்) மோதலைக் காட்டி, 59 போடலாம் என்று வழியும் காட்டும். அந்த வழியில் கண்ணை மூடிக்கொண்டு போவது ஆபத்து. இன்னொன்று: அறிகுறியில்லாத ஸ்க்ரீனிங்காகத் தொடங்கியதென்றால், பாலிப் கிடைத்தாலும் முதல் கோடு இசட்12.11, அடுத்துதான் பாலிப்.

சார்ட்வாசகி:
புத்தகம் பழசாகும் என்பதையும் சொல்லுங்கள். ஐசிடி கோடுகள் அக்டோபர் 1 அன்று மாறும், ஏப்ரலிலும் சில வரும். சிபிடி ஜனவரி 1. நிலை 3 சிறுநீரக நோய்க்கு என்18.3 என்றிருந்தது, 2020 அக்டோபரில் மூன்றாகப் பிரிந்தது. புது நோயாளி வருகைக்கான சிபிடி கோடு 99201, 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய புத்தகத்தில் பழகுபவர் செத்துப்போன கோடுகளை மனதில் ஏற்றிக்கொள்கிறார். என்கோடரில் சிகிச்சை நடந்த தேதியைக் கொடுத்தால் அந்தத் தேதிக்குரிய கோடு வரும்.

இன்டெக்ஸ்மணி:
அது நியாயம். பழைய புத்தகம் வேண்டாம், பயிற்சிக்குக்கூட. ஆனால் கோடருக்கான சிபிசி சான்றிதழ் தேர்வு புத்தகம் பார்த்து எழுதுவது. 100 கேள்வி, 4 மணி நேரம். கேள்விக்கு 2 நிமிடம் 24 நொடி. டேப் ஒட்டிப் பழகியிராத புத்தகத்தை அங்கே திறந்தால் 70 சதவீதம் எட்டாது.

தணிக்கையாளன்:
புதுவரவுக்கு ஒரு வழி: முதல் ஆறு வாரம் என்கோடரை மூடி வையுங்கள். நாளுக்கு எட்டு சார்ட் போதும். கோடு எழுதும் முன், அதற்கு ஆதாரமான சொற்களைச் சார்ட்டில் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடு இல்லாத கோடு கிளைமில் போகக் கூடாது. ஏழாம் வாரம் அதே சார்ட்டுகளை என்கோடரில் போட்டு, எங்கே விலகுகிறது என்று குறியுங்கள்.

சார்ட்வாசகி:
ஆறு வாரம் அதிகம், மூன்று போதும் என்பேன். அடிக்கோடு முறையை மனதார ஏற்கிறேன்.

புதுவரவு:
நன்றி மூவருக்கும். ஒரு சந்தேகம். மணி சாரின் சார்ட்டில் இன்சுலினோடு மாத்திரையும் இருந்தால்?

இன்டெக்ஸ்மணி:
இசட்79.4, இசட்79.84 இரண்டும். முன்பு இன்சுலின் கோடு மட்டும் போடச் சொன்ன விதி பிறகு மாறியது. பழைய குறிப்பேடுகளில் இன்னும் பழையபடியே இருக்கும்.

சார்ட்வாசகி:
அதற்கு முன் இன்சுலின் எதற்குக் கொடுத்தார்கள் என்று நோட்டில் பாருங்கள். மருத்துவமனையில் இருந்தபோது சர்க்கரையை இறக்கத் தற்காலிகமாகப் போட்டதென்றால் இசட்79.4 வராது.