புதுப்பிப்பு: வாசிப்புக் குழுவுக்கு எந்த டியூடர் நாவல்?

எங்கள் குழுவினர் ஏழு பேரும் சேர்ந்து வாசிக்க ஏற்ற, இங்கிலாந்தை டியூடர் அரச வம்சம் ஆண்ட காலத்து நாவல் எது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, 2009இல் புக்கர் பரிசு பெற்ற ஹிலாரி மான்டெலின் ‘உல்ஃப் ஹால்’ நாவலைத்தான் முதலில் எடுத்தோம். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல்லைப் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்றே சுட்டும் நடையில், பேசுவது யார் என்று முன்பக்கங்களைப் புரட்டிப் புரட்டியே நால்வர் சலித்துவிட்டார்கள். எனக்கோ அந்த நடைதான் பிடித்திருந்தது.

ஆகவே, சி. ஜே. சான்சமின் ‘டிஸல்யூஷன்’ என்று முடிவாயிற்று. ஹென்றியின் அரசி ஆன் பொலின் தலை வெட்டப்பட்ட மறு ஆண்டான 1537இல், கடலோரக் கிறித்தவத் துறவு மடமொன்றில் நடந்த கொலையைத் துப்பறிய, கூன் விழுந்த வழக்கறிஞர் ஷார்ட்லேக்கைக் குரோம்வெல் அனுப்புகிறார். ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களை மூட 1536ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது; பெரிய மடங்களையோ அரசரிடம் தாமாகவே சரணடைய வைக்க வேண்டியிருந்தது. கதையின் முடிச்சு இந்த நெருக்கடியோடு பின்னிக் கிடப்பதால், சட்டமா மிரட்டலா என்ற விவாதம் முதல் கூட்டத்திலேயே சூடுபிடித்தது. கொலையாளியைப் பாதியிலேயே ஊகித்துவிட்ட ஒருவரை வாய் திறக்க விடாமல் வைத்திருப்பதுதான் இப்போது எங்கள் பெரும்பாடு.

மான்டெலைக் கைவிடவில்லை, அடுத்த முறை, குடும்ப மரத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்குவோம்.