கொழுந்து மடுவத்தில் நடந்த பொலிஸ் கூட்டம்

பொலிஸார் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று மக்களிடமே கேட்கப் போகிறார்கள் என்று கிராம உத்தியோகத்தர் அறிவித்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிங்களம் தெரியும் என்பதால் சிவில் பாதுகாப்புக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

முதல் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டவுனில். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் மலையில் நிற்பார்கள். இறங்கி வந்தால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போய்விடும். கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் வந்தார்கள். வாகன நெரிசல், கடை உடைப்பு என்று பட்டியல் முடிந்தது. அவையும் தொல்லைகள்தாம். ஆனால் நாங்கள் குடியிருக்கும் லயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் போய், "சேர், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மடுவத்துக்கு வாருங்கள்" என்று கேட்டேன். அடுத்த வாரமே வந்தார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பாட்டி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் சொன்னார்: "ஐயா, பத்தாம் திகதி சம்பளம். அன்று சாயந்தரமே கசிப்புச் சாராயம் வந்துவிடுகிறது. இரவு முழுக்க அடி. மற்ற நாள் வராவிட்டாலும் அன்றைக்கு வாருங்கள்."

நான் சிங்களத்தில் சொன்னேன், சார்ஜன்ட் எழுதினார். பாட்டி விடவில்லை. "என்ன எழுதினார்? வாசித்துச் சொல்லு பிள்ளை."

கொப்பியில் இருந்தது 'குடும்பத் தகராறு' என்ற ஒரே வரி.

அதைத் தமிழில் சொன்னதும் மடுவமே சத்தம் போட்டது. குடும்பத் தகராறு என்றால் சமாதானம் பேசி, மிஞ்சினால் மத்தியஸ்த சபைக்கு அனுப்பி முடித்துவிடலாம். கசிப்பு என்றால் வடிக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். பொறுப்பதிகாரி அந்த வரியை வெட்டி, பாட்டி சொன்னபடியே எழுத வைத்தார். தமிழ் 1987இல் அரசகரும மொழியானது. 1999இல் எங்கள் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அதனால் தமிழிலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, மடுவத்துச் சுவரில் ஒட்டினோம்.

அடுத்த பத்தாம் திகதி ஜீப் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. பிறகு அவருக்கு இடமாற்றம். புதியவரைப் பார்க்க அந்தப் பிரதியோடு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் போகிறோம். பாட்டியும் வருகிறார்.

*

அக்கா, உங்கள் கூட்டத்தைப் பற்றி வாசித்தேன். நான் பதுளைப் பக்கம். பொலிஸ் எதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களிடம் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. லயத்தின் பத்து வீட்டுக்கும் நானே எழுதினேன். ஏழு வீட்டில் கேட்டது ஒன்றுதான்: டியூஷன் முடிந்து பிள்ளைகள் ஏறிவரும் குறுக்குப் பாதையில் ஆறு மணிக்கு ஒரு பொலிஸ் நிற்க வேண்டும். தங்கள் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்கள். அந்தப் பாதையில் வந்து நிற்பவர்கள் யார் என்று ஏழு வீட்டுக்கும் தெரியும்.