லயத்துக்குத் தபால் வராது

வெளிநாட்டு வேலைக்கென்று ஏஜென்சிக்காரனிடம் பணத்தை விட்ட கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் அக்கா பணம் கட்டும் இடம் வரைக்கும்கூடப் போகவில்லை.

நாங்கள் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள். 2013இல் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தயாரானாள். பாஸ்போர்ட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். பதினாறு வயதில் எடுத்திருக்க வேண்டியது. கொழுந்தெடுக்கப் போனவளுக்கு அதை யார் சொன்னார்கள்? தோட்டத்து ஆட்களின் விண்ணப்பத்தில் துரை, அதாவது தோட்ட மேலாளர், கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை ஆபீஸ் வாசலில் நின்று திரும்பினாள். நாலாவது முறை போட்டார்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. லயத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) தனி விலாசம் கிடையாது, எல்லார் தபாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். ஒருநாள் வேறு விஷயமாகப் போன அம்மாவிடம், ரப்பர் வளையம் போட்ட கட்டிலிருந்து ஒரு கடிதத்தை உருவிக் கொடுத்தார்கள். உறை ஈரத்தில் ஊறி, பிரிக்கும்போதே கிழிந்தது. உள்ளே முழுக்கச் சிங்களம். டவுனில் ஒருவர் வாசித்துச் சொன்னார்: பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் பிழை, திருத்திக்கொண்டு இன்ன தேதிக்குள் வரவும். அந்தத் தேதி போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. குவைத் வேலைக்கு ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிட்டது.

அக்கா கொழும்புக்குச் சமையல் வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் யாரும் தாள் கேட்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

தாத்தா காலத்தில் நடந்தது வேறு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியில் பிறந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் போய் இறங்கியது. பிறந்த மண்ணை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை என்று பாட்டி அழுவார். அவருக்கு மட்டும் தாள் தேடி வந்தது.

2003 சட்டத்தில் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது உண்மைதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் அக்காவின் கடிதம் துரை ஆபீசில்தான் கிடந்தது. அதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அக்கா மகள் இப்போது கொரியாவில் வேலைக்குப் போக, கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். விண்ணப்பத்தில் டவுன் மளிகைக்கடை அண்ணனின் விலாசத்தைப் போட்டிருக்கிறோம். கடிதம் வந்தால் அன்றைக்கே போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.