பேஸ்பால் கோச், ஸ்கவுட்: ரெண்டும் ஒரே கண்ணா, வேற வேற கண்ணா?

ஒன்பதாவது இன்னிங்ஸ் (கேள்வி):
பக் ஓ'நீல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸில் (கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ லீக் அணி) முதல் பேஸ் காப்பவராக ஆடினார், அதே அணிக்கு மேனேஜர் ஆனார், பிறகு சிகாகோ கப்ஸுக்கு ஸ்கவுட் (புதிய ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டெடுப்பவர்). பிற்காலத்தில் நட்சத்திரமான லூ பிராக்கைக் கண்டெடுத்து ஒப்பந்தம் போட வைத்தவர் அவர்தான். 1962-ல் கப்ஸ் அவரைக் கோச் ஆக்கியது, மேஜர் லீக்கின் (அமெரிக்காவின் உச்ச மட்ட பேஸ்பால் லீக்) முதல் கறுப்பினக் கோச். அப்புறம் மறுபடி ஸ்கவுட் வேலை. இப்படி மாறி மாறிப் போக முடிகிறதென்றால் இரண்டுக்கும் ஒரே திறமைதானா? ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் ஸ்டாப்வாட்சும், பந்தின் வேகத்தை அளக்கும் ராடார் கன்னுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் சரியாக எதைக் குறிக்கிறார்கள்? பெரிய அளவில் ஆடாத ஒருவர் எங்கே தொடங்குவது?

கடிகாரக்காரன்:
பார்க்கிற ஆட்டக்காரன் ஒருவன்தான், கேள்விதான் வேறு. "இவனிடம் இன்று எதைத் திருத்தலாம்" என்பது கோச்சின் கேள்வி. "ஐந்து வருஷம் கழித்து இவன் என்னவாக இருப்பான்" என்பது ஸ்கவுட்டின் கேள்வி. அதனால்தான் ஸ்கவுட் அறிக்கையில் ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண்: இப்போதையது, எதிர்காலத்தது. அளவுகோல் 20-லிருந்து 80 வரை, 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பள்ளிப் பையனுக்கு 30/55 என்று எழுதுவது சர்வசாதாரணம். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 45, 50 என்று போட்டுவிடுவார்கள். அந்த அறிக்கையை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

நேரம் எடுப்பதற்கு வருகிறேன். பேட்டர் முதல் பேஸுக்கு (அடித்ததும் ஓடித் தொட வேண்டிய முதல் இடம்) ஓடும் நேரத்தில் வலதுகைக்காரருக்கு சுமார் 4.3 விநாடி சராசரி. இடதுகைக்காரர் பேஸுக்கு ஓரடி இரண்டடி கிட்டே நிற்பதால் 4.2. பந்து மட்டையில் படும் கணத்தில் தொடங்கி, கால் பேஸைத் தொடும்போது நிறுத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீர்கள், கண்ணால் பார்த்து அழுத்துங்கள். 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.09 விநாடி ஆகும். பேட்டரின் வேகத்துக்கு ஓசியில் ஒரு படி ஏற்றிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, சில இடதுகைக்காரர்கள் அடிக்கும்போதே உடம்பை முதல் பேஸ் பக்கம் சாய்த்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும், நிஜ வேகத்தோடு கலக்கக் கூடாது.

கேட்சருக்கு (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்): பந்து அவர் கையுறையில் விழுந்ததிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறையில் விழும் வரை. 2.0 விநாடி என்றால் சராசரியை ஒட்டியது. இன்னிங்ஸுக்கு நடுவே எறியும் பயிற்சி எறிவை எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அப்போது குறுக்கே பேட்டர் கிடையாது, கேட்சரும் பந்து வருவதற்கு முன்பே பாதி எழுந்து நிற்பார்.

ராடார் கன்னில் பெரிய பிழை கோணத்தால் வருவது. மணிக்கு 95 மைல் வேகப் பந்தை 10 டிகிரி தள்ளி உட்கார்ந்து அளந்தால் சுமார் 93.5 காட்டும், 20 டிகிரி தள்ளினால் 89-தான். கன் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், நாற்காலியை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், உச்ச வேகத்தை மட்டும் எழுதாதீர்கள். "முதல் இன்னிங்ஸில் 92-94, ஐந்தாவதில் 88-90" என்ற வரியில்தான் செய்தி இருக்கிறது.

மூன்றாம் பேஸ் ஓரம்:
கோச் பக்கம் நான் சொல்றேன். ஸ்டாப்வாட்ச் கோச் கையிலயும் இருக்கும், ஆனா அவருக்கு அது இந்த நிமிஷத்துக்கான கணக்கு. பிட்சர் (பந்து எறியறவர்) பேட்டருக்கு எறியும்போதே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிடறதுதான் பேஸ் திருடறது. அதுக்காக முதல் பேஸ் கோச் பிட்சரோட முதல் அசைவுல இருந்து பந்து கேட்சர்கிட்ட சேர்ற வரைக்கும் எடுப்பார். பிட்சர் 1.3, கேட்சர் 2.0, மொத்தம் 3.3. டேக் பண்ண (பந்தோட ரன்னரைத் தொட) இன்னும் ஒரு 0.1. ரன்னருக்கு இரண்டாம் பேஸ் போக 3.3 ஆகுதுன்னா ஓடலாம், 3.5 ஆகுதுன்னா நிக்கணும். பிட்சர் 1.5-ன்னா சுமாரா ஓடுறவன்கூட திருடிடுவான்.

2023 விதிகளுக்கு அப்புறம் இந்தக் கணக்கே மாறிடுச்சு. பேஸ் 15 அங்குலத்துல இருந்து 18 ஆச்சு. ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் தண்டனை இல்லாம ரெண்டு தடவைதான் பேஸுக்கு எறியவோ, மேட்டு மேல இருக்கற ரப்பர் பலகையில இருந்து காலை எடுக்கவோ முடியும். மூணாவது தடவை எறிஞ்சு ரன்னரை அவுட் ஆக்கலைன்னா பால்க் (பிட்சரோட விதிமீறல்), ரன்னருக்கு ஒரு பேஸ் இனாம். அதனால ரெண்டு முடிஞ்சுடுச்சான்னு எண்ணி ரன்னர் காதுல போடறதும் இப்போ கோச் வேலை.

மூன்றாம் பேஸ் கோச் எப்பவும் தனக்குக் கோடு போட்டு விட்ட பெட்டிக்குள்ளேயே நிப்பார்னு நினைக்காதீங்க. ரன்னர் இரண்டாம் பேஸ்ல இருந்து வரும்போது அவர் ஹோம் பிளேட் பக்கமா இறங்கி நிப்பார். எவ்வளவு தள்ளி நிக்கறாரோ அவ்வளவு தாமதமா "போ"ன்னோ "நில்லு"ன்னோ முடிவெடுக்கலாம். ரெண்டு அவுட்டுன்னா துணிஞ்சு அனுப்பலாம், ஒரு அவுட்கூட விழலைன்னா அதே பந்துக்கு நிறுத்தறதுதான் புத்தி.

வெளியில தெரியாத வேலை பயிற்சிக்குப் பந்து எறியறது. எல் வடிவ வலைக்குப் பின்னால இருந்து 35, 40 அடி தூரத்துல எறியணும். எறிஞ்ச உடனே தலையை வலைக்குள்ள இழுத்துக்கணும். பந்து எங்க போகுதுன்னு எட்டிப் பார்க்கறவங்கதான் அடி வாங்குவாங்க.

கடிகாரக்காரன்:
தொடங்குவது எங்கே என்ற கேள்வி விட்டுப்போச்சு. அமெரிக்க ஸ்கவுட் வேலையில் அடிப்படி ஏரியா ஸ்கவுட். ஒரு மாநிலமோ இரண்டு மூன்றோ அவர் பொறுப்பு. அவர் சொன்னதைச் சரிபார்க்க கிராஸ்செக்கர் வருவார், அதற்கும் மேலே ஸ்கவுட்டிங் டைரக்டர். பிப்ரவரியில் கல்லூரி ஆட்டம் தொடங்கும், ஜூலையில் டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது). 2021-லிருந்து அது 20 சுற்றுதான். அது முடிந்த கையோடு அடுத்த வருஷத்துப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான். கல்லூரி ஆட்டக்காரர்கள் கோடையில் ஆடும் கேப் காட் லீக்குக்குக் கூட்டம் சேருவதற்குக் காரணம் உண்டு: கல்லூரியில் உலோக மட்டை, அங்கே மர மட்டை. உள்பக்கமாக வந்த பந்தை உலோக மட்டையின் கைப்பிடியருகே வாங்கியே தட்டிவிட்டுத் தப்பித்தவன் அங்கே மட்டை உடைந்து நிற்பான்.

கோச் வேலைக்கு மைனர் லீக் (மேஜர் லீக் அணிகளுக்கு ஆட்டக்காரர்களை வளர்க்கும் கீழ்மட்ட லீக்குகள்): சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ, மொத்தம் 120 அணி. டொமினிகன், வெனிசுவேலாப் பையன்கள் நிறைய இருப்பதால் ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஆடாதவர்கள் இப்போது பெரும்பாலும் வீடியோ, டிராக்மேன் (பந்தை ராடாரால் பின்தொடரும் கருவி) தரவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு ஆட்டத்தில் ஒரு பேட்டருக்கு இரண்டு நேரம்தான் கிடைத்தது, 4.25-ம் 4.6-ம். சராசரி எடுத்து எழுதலாமா?

கடிகாரக்காரன்:
எடுக்காதீர்கள். 4.6 வந்தது பிட்சர் கைக்கே போன பந்தாக இருக்கும், அவுட் என்று தெரிந்து பாதியில் தளர்ந்திருப்பான். வேகத்துக்கு 4.25-ஐ எழுதுங்கள். 4.6-ஐ முனைப்பு பற்றிய குறிப்பில் எழுதுங்கள், எந்த இன்னிங்ஸ், ஸ்கோர் என்ன என்பதோடு.