மறு: ‘மூலத் தடமறிதல்’ வேண்டாம், ‘கிளம்பிடம்’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

காற்றிலுள்ள பாக்டீரியா எங்கிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துக் கண்டறியும் முறைக்கு ‘மூலத் தடமறிதல்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் இரண்டு இடறல். ‘மூலம்’ என்றதும் பலருக்கு நோய்தான் நினைவுக்கு வரும். ‘தடம்’ என்பது வந்த பாதை. ஆனால் இந்த முறை பாதையைப் பார்ப்பதே இல்லை.

காற்றை வடிதாள் வழியே உறிஞ்சி, அதில் ஒட்டியதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பாக்டீரியா இனங்களை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை வாசிக்கிறார்கள். சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம். எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, இனத்துக்கு இனம் சில பகுதிகள் மட்டும் மாறும். அப்புறம் மண், இலை, சாணம், மனிதத் தோல் இவற்றின் பாக்டீரியாக் கலவையோடு ஒப்பிட்டு, எதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களின் குளிர்காலக் காற்றில் நாய்க் கழிவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. இலை உதிர்ந்துவிட்ட பருவம் அது, அதனால் இலையிலிருந்து வரும் பாக்டீரியா குறைவு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். போன வாரம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக் களத்தில் திப்பி (மரவள்ளிக்கிழங்குச் சக்கை) காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடித்ததும் வெளிறிய தூசி எழுந்து, சாலையோரப் புளிய இலைகளில் படிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘எங்கிருந்துதான் கிளம்புதோ’ என்றார். அதுதான் நமக்கு வேண்டிய சொல் என்று பட்டது: ‘கிளம்பிடம்’.

‘பிறப்பிடம்’ ஏன் ஆகாது என்பதற்கும் அந்தப் புளிய இலையே சான்று. களத்துத் தூசியோடு வந்த பாக்டீரியா அங்கே பிறக்கவில்லை, வந்து ஒட்டியது. நாளை இன்னொரு காற்றில் அங்கிருந்தே எழும். இன்றைக்கு அந்த இலை சேரிடம், நாளைக்கு கிளம்பிடம். இந்த ஆய்வுகளுக்கு இப்படி ஒரு இணைச்சொல் கட்டாயம் தேவை. கணக்கில் ஒரு பக்கம் பாக்டீரியாவைத் தந்த இடங்கள், மறுபக்கம் அது வந்து சேர்ந்த இடத்தில் எடுத்த மாதிரி. ‘சேரிடம்’ சின்ன வயதிலிருந்தே நமக்குப் பழகிய சொல். ‘கிளம்பிடம்’ அதே வார்ப்பில் நிற்கிறது.

முழுத்தொடர் ‘மரபணுவழிக் கிளம்பிடம் அறிதல்’. விகிதத்துக்கு ‘கிளம்பிடப் பங்கு’. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் காற்று மாதிரி எடுப்பவர், ‘காப்பி இலையின் கிளம்பிடப் பங்கு இவ்வளவு, மண்ணுடையது இவ்வளவு’ என்று தடங்கலில்லாமல் எழுதலாம்.

பாக்டீரியாவுக்கு முன் ‘காற்றில் பரவும்’ என்ற அடைமொழியையும் விட்டுவிடலாம். அது தொற்றுநோயை நினைவூட்டும். காற்றில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கில்லாதவை. ‘காற்றிலுள்ள’ போதும்.

‘எழுவாய்’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். தோற்றம் என்ற பழம்பொருள் அதற்கு உண்டு, அழகான சொல். ஆனால் இலக்கணம் அதை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது.