மறு: ‘எதிர் நடவடிக்கை’ சரியா? வேதி அச்சுறுத்தல் ஆய்வுக்கான சொற்கள்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

> வேதி அச்சுறுத்தல்களைக் கண்டறியவும் எதிர் நடவடிக்கைகளை உருவாக்கவும் அரசு ஆய்வு மானியம் – இந்த வரியில் என்ன குழப்பம்? எல்லோருக்கும் புரிகிறதே?

புரியவில்லை ஐயா. ஆங்கிலத்தில் ‘countermeasure’ என்பதைத்தான் நாம் ‘எதிர் நடவடிக்கை’ என்று எழுதிவருகிறோம். நேற்று இதே வரியை, வேதியியல் பக்கமே போகாத ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். “அவங்க விஷவாயு போட்டா நாமளும் திருப்பிப் போடறதுக்கா பணம்?” என்று கேட்டார். பிழை அவருடையது அன்று. ‘நடவடிக்கை எடுப்போம்’ என்றாலே யாரையோ தண்டிக்கப் போகிறார்கள் என்றுதான் நம் காதில் விழுகிறது. அதன் முன்னால் ‘எதிர்’ சேர்ந்தால் பதிலடியாகிவிடுகிறது.

இந்த ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. வேதி ஆயுத உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிலடிக்காகக்கூட வேதி ஆயுதம் செய்வதையும் வைத்திருப்பதையும் அது முழுக்கத் தடுக்கிறது. அதே உடன்படிக்கையின் பத்தாம் பிரிவு, அத்தகைய ஆயுதங்களிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளை ஆராயவும் உருவாக்கவும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. அந்தக் காப்புத் திட்டங்களைப் பற்றி ஆண்டுதோறும் நெதர்லாந்தின் தி ஹேகில் உள்ள வேதி ஆயுதத் தடை அமைப்புக்குத் தகவல் தரவும் வேண்டும். சாரின் என்ற நரம்பு நச்சு போன்ற, உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள பொருள்களை ஆய்வுக்காக வைத்திருக்கலாம், ஆனால் ஒரு நாட்டிடம் எந்த நேரத்திலும் மொத்தம் 1 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆக, தடைசெய்யப்பட்ட வேலைக்கும் அனுமதிக்கப்பட்ட வேலைக்கும் நடுவே உள்ள கோடு ‘காப்பு’ என்ற நோக்கத்தில்தான் இருக்கிறது. நம் தமிழ்ச்சொல் அந்தக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

அதனால் என் முன்மொழிவு: நச்சுக்காப்பு. முகமூடி, காப்புடை, தோலில் பட்டதைக் கழுவி நீக்கும் கரைசல், ஊசிமருந்து எல்லாம் இதற்குள் அடங்கும். மருந்துகளை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மருத்துவ நச்சுக்காப்பு’.

> நஞ்சுமுறி, விஷமுறிவு என்று நம் வைத்தியத்திலேயே பழைய சொற்கள் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘முறி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

அம்மா, எனக்கும் முதலில் அந்தச் சொல்மேல்தான் ஆசை. வாயில் வைத்தால் இனிக்கிற சொல். ஆனால் நரம்பு நச்சுக்குக் கொடுக்கும் மூன்று மருந்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மனம் மாறிவிட்டேன்.

நரம்பு நச்சு உடலுக்குள் போனதும் அசிட்டைல்கோலினெஸ்டரேசு என்ற நொதியைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பு விட்ட சைகையை அழித்து ஓயவைப்பது அந்த நொதியின் வேலை. அது முடங்கினால் சைகை ஓய்வதில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயிலும் மூச்சுக்குழலிலும் நீர் பெருகும், தசை துடிக்கும், மூச்சு நிற்கும். இதற்கு அட்ரோபின் கொடுக்கிறார்கள். அது நஞ்சைத் தொடுவதே இல்லை, பெருகிய சைகை போய்ச் சேரும் வாசலை அடைக்கிறது. டயசிபாமோ மிடசோலாமோ கொடுப்பது வலிப்பை நிறுத்த, அதுவும் நஞ்சைத் தொடுவதில்லை. இவற்றுள் நொதியிலிருந்து நஞ்சைப் பிய்த்தெடுப்பது பிராலிடாக்சிம் ஒன்றுதான். மூன்றில் ஒன்றுக்குத்தான் ‘முறி’ என்ற பெயர் உள்ளபடி பொருந்துகிறது. அதை அதற்கே கொடுத்துவிடுவோம். பொதுச்சொல்லாக்கி அதன் கூர்மையை மழுக்க வேண்டாமே.

பிராலிடாக்சிம் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல்லையும் உங்கள் முன் வைக்கிறேன். நஞ்சு நொதியைப் பிடித்த சிறிது நேரத்தில் நஞ்சின் ஒரு துண்டு உதிர்ந்துபோகும். அதன்பின் அந்தப் பிடியை எந்த மருந்தாலும் விடுவிக்க முடியாது. சோமான் என்ற நரம்பு நச்சு என்றால் சில நிமிடங்களில் இது முடிந்துவிடும், சாரின் என்றால் சில மணி நேரம் கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘aging’ எனப்படும் இதைக் கட்டுரைகளில் ‘மூப்படைதல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். படிப்பவர் நோயாளியின் வயதைப் பற்றிய பேச்சு என்று நினைப்பார். சிமென்ட் இறுகுவதுபோல நடப்பது இது. ‘இறுகல்’ என்றால் போதும். “சோமான் இறுகுமுன் ஊசி போட வேண்டும்” என்று ஒரு செவிலியர் வாயில் அப்படியே வரும். இறுகிய நொதியையும் மீட்கும் மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. ஆய்வுப்பணம் போக வேண்டிய இடங்களில் இதை முதலில் சொல்வேன்.

‘வேதி அச்சுறுத்தல்’ இருக்கட்டும். சிலர் அதை ‘வேதி ஆயுதம்’ என்று சுருக்குவதுதான் தவறு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2006-இல் தொடங்கிய ‘கவுன்ட்டர்ஆக்ட்’ என்ற வேதி நச்சுக்காப்பு ஆய்வுத் திட்டத்தின் வரம்பில் போர் நச்சுகளோடு குளோரின், சயனைடு, பூச்சிக்கொல்லி ஆகியவையும் உண்டு. குளோரினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பரில் முதல் உலகப்போர்க் களத்தில் திறந்துவிட்டதும் அதுதான், நீரைத் தூய்மையாக்கத் தொழிற்சாலைகளில் நிறைத்து வைத்திருப்பதும் அதுதான். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் யாருடைய ஆயுதமும் இல்லை.

கண்டறிதல் பற்றி ஒரு திருத்தம். நாம் ‘கண்டறிதல்’, ‘அடையாளம் காணுதல்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிவருகிறோம். இவை வேறு வேறு. காற்றில் ஏதோ இருக்கிறது என்பது முதலாவது, அது இன்னது என்பது இரண்டாவது. 1995 மார்ச் 20 காலை டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விட்டபோது, மருத்துவர்களுக்கு முதலில் வந்த தகவல் ‘அசிட்டோநைட்ரைல்’ என்ற வேறொரு வேதிப்பொருள் என்பது. சாரின் என்று காவல்துறை அறிவிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்று ஒரே மருத்துவமனைக்கு 640 பேர் வந்தார்கள். அவர்கள் உடையிலிருந்து கிளம்பிய ஆவி பட்டு, அங்கே வேலை செய்தவர்களுக்கும் கண் மங்கியது. ஏதோ ஒன்று கண்டறியப்பட்டிருந்தது, இனங்காணப்படவில்லை. எனவே இரண்டாவதற்கு ‘இனங்காணல்’ என்றே நிறுத்திக்கொள்வோம்.

கையடக்கக் கருவிகளில் பல அயனி நகர்திறனை (மின்னேற்றம் பெற்ற துகள் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை) வைத்து இயங்குகின்றன. உறிஞ்சிய காற்றை அயனியாக்கி, மின்புலத்தில் ஒரு சிறு குழலுக்குள் ஓடவிட்டு, மறுமுனைக்கு வந்துசேர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று பார்க்கும். வாசனைத் திரவியமும் டீசல் புகையும்கூடச் சில வேளை அதே நேரத்தில் வந்துசேரும், கருவி அலறும். இதற்குப் ‘பொய் எச்சரிக்கை’ போதும். நான்கு முறை பொய்யாக அலறினால் ஐந்தாம் முறை கருவியை அணைத்துவைக்கிறவர்தான் அதிகம், அதனால் இதைக் குறைப்பதும் ஆய்வின் ஒரு பெரும் பகுதி.

மானியமா நல்கையா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மானியம் என்றதும் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பது நினைவுக்கு வருகிறது. ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டுத் தருவது நல்கை.

> ‘நச்சுக்காப்பு’ என்றால் பாம்பு நஞ்சு, கிருமி நஞ்சு எல்லாம் உள்ளே வந்துவிடுமே?

வரும். அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் ‘வேதி நச்சுக்காப்பு’ என்று அடை சேர்க்கலாம். ‘வேதிக்காப்பு’ என்று சுருக்கினால் வேதிப்பொருளைப் பத்திரமாக வைப்பதாகப் பொருள் மாறிவிடும்.

நம் கலைச்சொல் தொகுப்பில் இப்படிப் பதியலாமா?

நச்சுக்காப்பு: நச்சுப்பொருள் உடலை அடையாமல் தடுக்கவோ, அடைந்தபின் அதன் தீங்கை நிறுத்தவோ குறைக்கவோ பயன்படும் மருந்து, கருவி அல்லது செய்முறை. தாக்குதலைக் குறிக்காது.

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நீக்கச் சிலர் கேட்பீர்கள். அவை இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ‘இறுகல்’ பற்றி மருந்தியல் படித்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.